போலிப் படம்

விற்பனைக்குப் போட்டிருந்த தோல் பையின் படத்தை ஆன்லைன் கம்பெனி மறுபடியும் நீக்கிவிட்டது. போனைப் பார்த்த ஹமீது சிரித்தார்.

"ஏன் சிரிக்கிய? பெருநாளைக்குள்ள விக்கலைன்னா பட்டறையை மூட வேண்டியதுதான்!" தாராவிச் சந்தே கேட்கும்படி கத்தினாள் அவர் மனைவி நஸீரா. "அந்தக் கம்பெனியில ஒரு மனுஷன்கூடவா இல்ல? போன் போட்டாலும் மிஷின் பேசுது, சாட்லயும் மிஷின் பேசுது. புகார் பட்டனைத் தேடினா விளம்பரம் வந்து மறைச்சிருது!"

"ஏளா, நம்ம படம் போலியாம். ஏஐ வரைஞ்சதாம்."

"நம்ம பட்டறையில வச்சு நீங்க எடுத்த படம்தானே?"

"ஆமா. ஆனா காரணம் எழுதியிருக்கு, கேளு." ஹமீது போனைச் சற்று எட்டப் பிடித்து வாசித்தார். "தையல் எல்லாம் ஒரே சீரா இருக்காம். மனுஷக் கையால இப்படித் தைக்கவே முடியாதாம்."

மடியில் கிடந்த அடுத்த பையில் பாதி இறங்கிய ஊசியோடு நஸீராவின் கை அப்படியே நின்றது.

"மறுபடியும் புகார் குடுக்கவா?" என்றார் ஹமீது.

"அது கெடக்கட்டும். அந்த வரியை அழிச்சிராதிய. பெருசா பிரிண்ட் போட்டு வாசல்ல மாட்டுங்க!"