காக்கை அளந்த தூரம்

ஆலமரத்தடிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த கீரிக் குட்டிகள் இனிமேல் வேலமரத்தடிப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று காக்கை அதிகாரி எல்லையை மாற்றிவிட்டார். மாற்றுவதற்கு முன்னால் பெற்றோர் கூட்டம் ஒன்றும் போட்டார். "நாம சொல்லியா எடுபடப் போகுது?" என்று தாய்க்கீரி அன்றைக்குப் போகவில்லை.

புதுப் பள்ளிக்குப் போன முதல் நாளே அவளுடைய கடைக்குட்டி வால் நுனியைத் தார்ச்சாலையில் பறிகொடுத்துவிட்டு வந்தது. ரத்தத்தைத் துடைத்த கையோடு, மற்ற தாய்மாரையும் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு அவள் காக்கையிடம் போனாள்.

"புதுப் பள்ளிதானேம்மா பக்கம்? நானே அளந்து பார்த்தேன். நாலு சிறகடி தூரம்," என்றார் காக்கை.

"ஊரே எங்களைக் கீரிப்பிள்ளைன்னு பிள்ளையாக் கூப்பிடுது, ஐயா. அந்தப் பிள்ளைங்க போற வழியை நீங்க பார்க்கவே இல்லையே. ஒருதரம் எங்களோட நடந்து வாங்க."

காக்கை கீழே இறங்கி நடந்தார். சாலையோரம் வந்ததும் தார் மேல் ஒரு காலை எடுத்து வைத்தார். லாரி ஒன்று இரைந்துகொண்டு வந்தது. அதன் காற்று முகத்தில் அறைந்ததுதான் தாமதம், சிறகு தானாக விரிந்துகொண்டது. கண்மூடித் திறப்பதற்குள் அவர் எதிர்ப்பக்கத்து வேலமரக் கிளையில் இருந்தார்.

மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தார்.

"நாங்க இன்னும் இந்தப் பக்கந்தான் நிக்கிறோம், ஐயா," என்றாள் தாய்க்கீரி.