சொந்த உபயோகம்

வரி அதிகாரி குழந்தைகளின் சாப்பாட்டு நாற்காலியை மோப்பம் பிடித்தார்.

சத்தியமாக. குனிந்து, அதன் தட்டுக்கு நேராக மூக்கை வைத்து, கடத்தல் சரக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தட்டில் இருந்தது மசித்த வாழைப்பழம். அது அவர் டையின் நுனியில் ஒட்டிக்கொண்டது. அவர் கவனிக்கவில்லை. பதவி உயர உயரப் பார்வை கழுத்துக்குக் கீழே இறங்குவதில்லை.

அவளும் சொல்லவில்லை. ஒட்டட்டும் என்று விட்டுவிட்டாள்.

வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது அவள் தொழில். அதற்காக வாங்கிய தொட்டில், தள்ளுவண்டி, மாடிப்படிக்குப் போட்ட தடுப்புக் கதவு, இந்த உயரமான நாற்காலி எல்லாவற்றையும் தொழில் செலவாகக் காட்டியிருந்தாள். முறையாகப் பதிந்து, முறையாக வரி கட்டுகிறவள். அதனால்தான் இந்த வினை. கட்டாதவர்கள் வீட்டு வாசலை இவர்கள் மிதிப்பதில்லை.

வீட்டுக்கு வேண்டிய சாமான்களை வாங்கிவிட்டுத் தொழில் கணக்கில் சொருகிவிட்டாள் என்று அவருக்குச் சந்தேகம். அப்படி எழுதிவிட்டால் அபராதம் வரும். அது போகட்டும். பொய்க் கணக்குக்காரி என்று பெயர் வந்துவிட்டால், நாளைக்கு யார் அவளை நம்பிப் பிள்ளையை விடுவார்கள்?

அதிகாரி தொட்டிலை ஒரு சுற்று வந்தார். உள்ளே, வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் மகன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

"இது?"

"அது பிள்ளை சார்."

குறித்துக்கொண்டார்.

"எங்கம்மா ஆறு பேரை வளர்த்தாங்க. ஒரு நாளும் அதைத் தொழில்னு சொன்னதில்லை."

"அவங்க வளர்த்தது அவங்க பெத்தது சார். நான் பார்க்கிறது ஊரார் பிள்ளைங்க."

"ஓகோ." பேனா நின்றது. "அப்போ நீங்க பெத்தது?"

"ஒரு பொண்ணு. மூணரை வயசு."

"இதே வீட்லயா இருக்கா?"

"பின்னே, வாடகைக்கா விட்டிருக்கேன்?"

அதிகாரியின் முகத்தில் விளக்கு எரிந்தது. கூட்டமான பேருந்தில் உட்கார இடம் கிடைத்த ஆளின் சந்தோஷம்.

"வீட்ல பிள்ளை. வீட்ல நாற்காலி. ரெண்டு வருஷமா அது இதுல ஒரு தடவைகூட உட்காரல. ஏம்மா, என் காதுல பூ வெச்சிருக்கா?"

"உட்காரல சார்!" அவள் குரல் தொட்டிலை உலுக்கியது. பையன் சிணுங்கினான். திரும்பிக்கூடப் பார்க்காமல் காலால் தொட்டிலை ஆட்டிவிட்டு, கோபத்தை விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டாள். "தொழிலுக்கு வாங்கினது தொழிலுக்கு மட்டும்தான். எழுதிக்கோங்க. பெரிசா எழுதிக்கோங்க."

அது உண்மை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், மகளுக்கு ஒன்றரை வயதில், தொழிலைப் பதிந்த அன்றே அவள் வீட்டுக்குள் கோடு கிழித்துவிட்டாள். மருந்துக் கடைக்காரன் சும்மா இருக்கிறதே என்று மாத்திரையை எடுத்து விழுங்குவானா என்று கணவனிடம் கேட்டாள். நீ வரி ஆபீசிலேயே வேலைக்குச் சேர்ந்திருக்கலாம் என்று அவன் சிரித்தான். சிரிக்கட்டும். யார் வந்து கேட்டாலும் நிமிர்ந்து பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அதிகாரி நிமிர்ந்த பதில்களை நம்புகிறவர் இல்லை. சட்டைப் பையில் கைவிட்டு ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தார். அரசாங்க முத்திரை குத்தும் கம்பீரத்தோடு ஒரு பிஸ்கட்டை நாற்காலித் தட்டின் நடுவில் வைத்தார். பிறகு சமையலறை வாசலில் நின்ற சிறுமியைப் பார்த்துக் குரலில் தேனைத் தடவிக்கொண்டார்.

"வா பாப்பா. உன் இடத்துல ஏறி உட்கார்ந்து சாப்பிடு பார்ப்போம்."

எலிக்கு வைப்பதுபோல வைக்கிறான். என் பிள்ளைக்கு. என் வீட்டில்.

அந்த ஆளை அந்த டையைப் பிடித்தே வாசல்வரை இழுத்துப் போகலாம் போலிருந்தது அவளுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தால், சொல்லிக்கொடுத்துவிட்டாள் என்பார். ஏறாதே, ஏறாதே என்று மனதுக்குள் மகளை மிரட்டினாள்.

மகள் வந்தாள். நாற்காலிக்கு ஓரடி முன்னால், அங்கே சுவர் இருப்பதுபோல நின்றாள். பிஸ்கட்டைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அது காசு குடுக்கிற பாப்பாங்களுக்கு, மாமா."

சொல்லிவிட்டு, மற்ற பிள்ளைகளுக்காகப் போட்டிருந்த விரிப்புக்கு வெளியே வெறும் தரையில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பழகின இடம். அங்கிருந்து கையை நீட்டினாள்.

"எனக்கு இங்க குடுங்க."

அதிகாரி பிஸ்கட்டை எடுத்துக் கொண்டுபோய் அந்தக் கையில் வைத்தார். கோப்பைத் திறந்து வரிசையாக எல்லாவற்றுக்கும் டிக் போட்டார்.

"முழுசும் பாஸ்," என்றார். அப்புறம், கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்கிறவர்போல, மெதுவாக: "பாப்பா இதுல உட்கார்ந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதும்மா. சொந்த உபயோகம்னு அந்தப் பங்கை மட்டும் செலவுல கழிச்சிருப்போம். அதுக்கும் விதி இருக்கு. யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை.

"கழிச்சுக்கோங்க சார்!" என்று கத்தினாள். "எவ்வளவு வேணும்னாலும் கழிச்சுக்கோங்க! இப்ப உட்காரப் போறா."

மகளை அப்படியே அள்ளித் தூக்கி நாற்காலிக்குள் இறக்கினாள். கால்கள் பாதிவரை போய், தட்டுக்கும் இருக்கைக்கும் நடுவில் தொடையோடு சிக்கி நின்றன. அவள் அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள்.

"விடும்மா," என்றாள் மகள், பிஸ்கட்டை உடையாமல் உயரத் தூக்கிப் பிடித்தபடி. "எனக்கு இது பத்தாது."