திங்கள், செவ்வாய், வியாழன்

படிவத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் மட்டும் புள்ளடி போட வேண்டும்.

பேனா மூடியைக் கழற்றி அரை மணி நேரமாகிவிட்டது.

ஆறு மாதமாக அவள் கேஷுவல் நர்ஸ். காலை ஐந்தரைக்குக் கைபேசி ஒலித்தால் வேலை. ஒலிக்காவிட்டால் இல்லை. வர முடியாது என்றும் சொல்லலாம். அவள் ஒருநாளும் சொன்னதில்லை. பிறகு கூப்பிடாமலே விட்டுவிட்டால்?

இப்போது பகுதிநேரம் தருகிறார்கள். திங்கள், செவ்வாய், வியாழன். ஒரே வார்டு. சம்பளத்தோடு விடுமுறை. மெல்பேணில் எந்த நர்ஸைக் கேட்டாலும் இதைத்தான் எடு என்பாள். கணவனும் அதையே சொன்னான்.

நேற்றுவரை அவளுக்கும் அதே எண்ணம்தான்.

நேற்று மாலை மகளைக் கூட்டிவரப் போன இடத்தில், கணவனின் அக்கா சுகந்தியிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். வேலை நாளில் மகள் அங்கேதான் இருப்பாள்.

சுகந்திக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அப்ப நல்லது. அந்த மூண்டு நாளும் நான் வேற அலுவல் ஒண்டும் வைக்கமாட்டன். அவள் எனக்கு."

நல்ல மனுசி. ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் இன்னும் எரிந்தது.

இரண்டு வயது மகள் சுகந்தி மாமியின் கழுத்தை விட்டு வரமாட்டேன் என்று அழுதாள். வீட்டுக்கு வந்த பிறகும் பிள்ளையின் தலையில் சுகந்தியின் எண்ணெய் மணம். அவள் இரண்டு தரம் ஷாம்பு போட்டுக் கழுவினாள்.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

நாள் குறித்துப் பிள்ளையைக் கொடுப்பதா?

கேஷுவல் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டாள். காரணம் கேட்ட இடத்தில் 'குடும்ப வசதி' என்று எழுதினாள்.

அடுத்த திங்கள் காலை ஐந்தரைக்குக் கைபேசி ஒலித்தது. குறுஞ்செய்தி. இருவர் வரவில்லை, வர முடியுமா?

முடியாது என்று அனுப்பினாள். முதல் தடவை. எவ்வளவு இனிப்பாக இருந்தது!

பக்கத்தில் மகள் விழித்துவிட்டாள். அவளைப் போர்வைக்குள் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"இண்டைக்கு முழுக்க அம்மாவோடதான்."

மகள் பிடியிலிருந்து நழுவிக் கட்டிலை விட்டு இறங்கினாள். விடியக் கைபேசிச் சத்தம் கேட்டால் மாமி வீட்டுக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும்.

சப்பாத்துகளைத் தேடி எடுத்தாள். இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். வாசல் கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

அம்மாவும் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

பிறகு குனிந்து, சப்பாத்துகளைச் சரியான காலுக்கு மாற்றிவிட்டாள்.