நான்கு விரல் இடைவெளி

மனைவி ஜூலியா இறந்த பிறகும் ஹெர்பர்ட்டின் பழைய பத்மினி கார் இடது முன்பக்கம் சாய்ந்தேதான் நின்றது. அவள் எப்போதும் உட்காரும் பக்கம் அது. ஜோகுபாளையம் மெக்கானிக் நயாஸ் ஸ்பிரிங்கை மாற்றினார். சாய்வு போகவில்லை. சக்கரத்தைத் தாங்கும், வளைந்திருந்த ஆர்மையும் அதன் ரப்பர் புஷ்ஷையும் மாற்றினார்.

கடைசி போல்ட்டை முறுக்கும்போது காருக்குள் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது நயாஸின் வழக்கம். பாரம் இல்லாமல் முறுக்கினால் புது புஷ் சீக்கிரம் கிழிந்துவிடும். அதனால் ஹெர்பர்ட் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

முறுக்கி முடித்ததும் அவர் இறங்கினார். நயாஸ் காருக்கு அடியில் படுத்தபடியே டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்களை நுழைத்துப் பார்த்தார். வலது பக்கம் நான்கு விரல். இடது பக்கம் இரண்டுதான்.

"லெஃப்ட்ல குந்தினு இருக்கறவங்க இன்னும் இறங்கல சார். இறங்கச் சொல்லுங்க," என்றார்.

வாரக்கணக்கில் அலைந்து ஹெர்பர்ட்டுக்கு அலுத்துப்போயிருந்தது. காலி சீட்டைப் பார்த்து, "இறங்கித் தொலையேன் ஜூலி," என்றார்.

ஸ்பிரிங் மெல்ல முனகியது. இடது பக்கம் எழுந்து நின்றது.

"இப்ப கரெக்டா நாலு," என்றார் நயாஸ்.

காக்ஸ் டவுன் வீடு வரை கார் நேராக ஓடியது. வாசலில் நிறுத்தியதும் ஹெர்பர்ட் சுற்றிவந்து இடது கதவைத் திறந்தார். "ஏதோ கோபத்துல சொல்லிட்டேன். ஏறு, ஜூலி."

இப்போதும் தினமும் காலையில் அந்தக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். பிறகு குனிந்து டயருக்கு மேலே கையை வைக்கிறார். நான்கு விரலும் தாராளமாக நுழைகின்றன.