திருஷ்டி பொம்மையும் பழைய லாட்ஜும்

பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்த கடைத்தெருவில் இருபது மாடிக் கட்டடம் ஒன்று எழுந்தது. உச்சியில் திருஷ்டி பொம்மையைத் தொங்கவிட்டார்கள்.

"தம்பி, ஜனங்க வர்றாங்களா?" என்று தினமும் கீழிருந்து கத்தும் பக்கத்துப் பழைய லாட்ஜ்.

"பஸ்ஸை நிறுத்தி அண்ணாந்து பார்க்கிறாங்கண்ணே! எத்தனை கண்ணு!"

லாட்ஜுக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம தெருவுக்கும் கண்ணு படுதா!"

ஒருநாள் இன்னும் பலமாகக் கத்தியது. "தம்பி, இன்ஜினியர் என்னையும் அளந்தார்! நெத்தியில சிவப்புப் பெயின்ட்டுல பெருக்கல் குறி போட்டிருக்கார். எனக்கும் பொம்மை கட்டப்போறாங்க! மீசையைப் பெரிசா வைக்கச் சொல்லு!"

முந்தின நாள் இடித்த மூன்று கடைகளிலும் அதே குறி இருந்ததைப் பொம்மை மேலிருந்து பார்த்திருந்தது.

"சொல்றேண்ணே" என்றது. காற்று வந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது.