நாலாவது மாப்பிள்ளையும் இருமல் வண்டியும்

"வண்டி ஏத்தத்துல இருமுதுங்க தம்பி. ஆக்சிலேட்டரை முறுக்கினா உடனே போறதில்லை. போலாமா வேண்டாமான்னு ரோசனை பண்ணிட்டு நிக்குது."

சொன்னவர் அயூப். ஊட்டி பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருப்பவர். ஆனால் குன்னூர் மார்க்கெட்டுக்குக் கீழே இருந்த அந்த ஒர்க் ஷாப்பில், குரங்குக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, 'கோத்தகிரி ஜாகீர்' என்று சொல்லி நின்றிருந்தார்.

மெக்கானிக் இக்ராம் நிமிர்ந்தான். "எத்தனை நாளா பாய்?"

"ஒரு வாரமா."

பொய். நேற்றுவரை வண்டி ராஜா மாதிரி ஓடியது. இருமலை வரவழைத்தவரே அயூப்தான். காரணம், அவர் மகள் நாஜ்னீனுக்கு வந்திருக்கும் நாலாவது வரன் இந்த இக்ராம்.

முதல் மூன்று பேரையும் இப்படித்தான் யாரென்று சொல்லாமல் போய் உரசிப் பார்த்தார். மெடிக்கல் ஷாப்காரன், இவர் தவறுதலாகக் கொடுப்பதுபோல் கூடுதலாகக் கொடுத்த நோட்டைச் சத்தமில்லாமல் கல்லாவில் போட்டான். பேக்கரிக்காரன் முந்தாநாள் வர்க்கியை, "இப்பத்தான் அடுப்புல இருந்து எடுத்தது" என்று சத்தியம் செய்தான். செல்போன் கடைக்காரன் நல்ல போனுக்கு பேட்டரி போய்விட்டது என்றான். மூவரும் தள்ளுபடி.

"இவனையும் கழிச்சீங்கன்னா, அடுத்த மாப்பிள்ளையை நீங்களே களிமண்ணுல புடிச்சுக்கங்க" என்று மனைவி ஷாயிஸ்தா நேற்றே சொல்லிவிட்டாள். போதாததற்கு இவன் போட்டோ நாஜ்னீனுக்குப் பிடித்தும்விட்டது.

அயூப் தூண்டிலைப் போட்டார். "எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது தம்பி. கார்புரேட்டரைப் புதுசாவே மாத்திடலாமா? காசைப் பத்தி நினைக்காதே."

"கழட்டிப் பாக்காம எதுக்கு பாய் மாத்தணும்?" இக்ராம் பிளக்கைக் கழற்றி அவரிடம் காட்டினான். "பாருங்க, அடுப்புக்கரியாட்டம் இருக்கு. காத்து பத்தாம பெட்ரோல் அரைகுறையா எரியுது."

"மலை உசரமில்ல? காத்து கம்மியாத்தான் இருக்கும்."

"மலை என்ன போன வாரமா வளந்துச்சு?"

பிளக்கைத் துடைத்து மாட்டினான். அப்புறம் ஏர் ஃபில்டரைத் திறந்து, உள்ளே விரலை விட்டு ஒரு கைலித் துண்டை உருவினான்.

"இது எப்படி உள்ள போச்சு?"

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"எலி ஸ்க்ரூ கழட்டுமாங்க பாய்?"

இப்போது இருமல் அயூப்புக்கு வந்தது.

"ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்தர்றேன்" என்று சிம்ஸ் பார்க் ஏற்றத்தில் கிளம்பினான் இக்ராம். போகும்போது சிரித்த முகம். கொஞ்ச நேரத்தில் இஞ்சின் அணைந்த வண்டியை இறக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்தபோது அந்தச் சிரிப்பைக் காணோம்.

"இன்னும் இருமுதே! இப்படி இருக்கக் கூடாதே..." என்று தலையைச் சொறிந்தான்.

அயூப் மனதுக்குள் கைதட்டிக்கொண்டார். ஒரே பூட்டுப் போட்டுக் கடையைச் சாத்துகிறவரா அவர்? வரும் வழியில் அருவங்காட்டில் வண்டியை நிறுத்தி, வாயில் மென்றுகொண்டிருந்த பபிள்கம்மை எடுத்து, பெட்ரோல் மூடியில் காற்றுப் போகும் சின்ன ஓட்டையில் அழுத்திவிட்டிருந்தார். டேங்குக்குள் காற்று போகாமல் பெட்ரோல் எப்படி இறங்கும்?

இக்ராம் பெட்ரோல் குழாயை ஊதிப் பார்த்தான். கார்புரேட்டரைப் பிரித்து மாட்டினான். வந்த இரண்டு பேரை, "மத்தியானமா வாங்கண்ணா" என்று திருப்பி அனுப்பினான். அயூப் வாங்கிக் கொடுத்த டீ ஆறி ஆடை கட்டியது. அந்தக் குளிரிலும் அவன் நெற்றியில் வேர்வை.

அயூப் கடைசித் தூண்டிலைப் போட்டார். "விடு தம்பி. இஞ்சின் போச்சுன்னு சொல்லு. பிரிச்சு வேலை பாத்துடு. யார் கேக்கப் போறா?"

"என்னன்னே தெரியாம இஞ்சினைப் பிரிச்சா நாளைக்கு எனக்குத் தூக்கம் வருமா? பேசாம உக்காருங்க பாய்."

அதட்டல்தான். ஆனால் அயூப்புக்குத் தேனாக இனித்தது.

முக்கால் மணி நேரம் கழித்து, டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்தான் இக்ராம். 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அவன் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான்.

"உங்க ஊட்டு எலி பபிள்கம் எல்லாம் திங்குமா பாய்?"

அதைச் சுரண்டி எடுத்ததும் வண்டி ஒரே உதையில் உறுமியது.

"எவ்வளவு தரணும் தம்பி?"

"ஒரு சாமானும் மாத்தலையே, எதுக்குக் காசு? எலிக்கு மட்டும் ஒரு பொறி வாங்கி வைங்க."

அயூப் நோட்டை நீட்டினார், சட்டைப்பையில் திணித்தார், தரையில் வைத்துவிட்டு ஓடக்கூடப் பார்த்தார். பையன் அசையவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே குல்லாவைக் கழற்றி வீசினார். "ஷாயிஸ்தா! வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களை வரச் சொல்லு. பையன் சொக்கத்தங்கம்!"

"நெசமாவாங்க? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பஜார்ல விசாரிச்சேன். ஆளை எடை போடறதுல என்னை எவனும் ஏமாத்த முடியாது."

"அதானே!" என்ற ஷாயிஸ்தா, செல்போனை மேஜைமேல் போட்டுவிட்டு மகளிடம் சொல்ல உள்ளே ஓடினாள்.

மெசேஜ் வந்து போன் சிணுங்கியது. அயூப் எட்டிப் பார்த்தார்.

"மாமி, நீங்க காலையில சொன்ன துணி ஏர் ஃபில்டர்லயேதான் இருந்துச்சு. உடனே எடுத்தா மாமா சந்தேகப்படுவாருன்னு முதல்ல பிளக்கைக் கழட்டி நடிச்சேன். ஆனா அவரு பெட்ரோல் மூடியில பபிள்கம் ஒட்டுனதை நீங்க சொல்லவே இல்லையே மாமி... அதுல மட்டும் நிஜமாவே வேர்த்துப் போச்சு!"