ஆளுக்கு இவ்வளவு

கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டிலை ஒட்டி அவள் நின்றாள்.

ஒரு முனையில் அண்ணன் சுடலைமுத்து. மாலத்தீவில் ஓட்டல் சமையல்.

மறுமுனையில் தம்பி இசக்கி. மொரீஷியஸில் துணி ஆலை.

நடுவில் அவள், பாளையங்கோட்டையில்.

குளியலறையில் வழுக்கி விழுந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. நாளைக் காலை ஆபரேஷன். இன்று மாலைக்குள் முன்பணம் கட்டியாக வேண்டும். தள்ளிப்போட்டால் இனி எழுந்து நடப்பது சந்தேகம்தான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்த்துச் சேர் என்று மகன்கள் இருவருமே சொன்னார்கள். அந்த மட்டும் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது.

யார் எவ்வளவு தருவது என்பதில்தான் வண்டி நின்றுவிட்டது.

தம்பிக்குத்தான் வரும்படி அதிகம் என்றான் அண்ணன். அண்ணனுக்குத்தான் என்றான் தம்பி. என்ன சம்பளம் என்று ஆளுக்கொரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும். அதைத்தான் சொல்ல மாட்டார்கள். கடல் தாண்டிப் போன ஆண்பிள்ளை பெற்றவளிடம்கூடச் சம்பளத்தைச் சொல்வதில்லை. குறைவென்றால் மானம் போகும். அதிகமென்றால் ஊரே கைமாத்து கேட்கும்.

அதனால் இருவரும் நாட்டின் சம்பளத்தைச் சொன்னார்கள்.

"மொரீஷியஸ்ல ஒரு ஆளுக்கு வருசத்துக்கு எம்புட்டு வருமானம்னு நெட்லயே போட்டிருக்கான். அவன எடுத்துப் பாக்கச் சொல்லு" என்றான் அண்ணன்.

அவன் என்பது தம்பி. அதே அழைப்பில்தான் இருக்கிறான். அப்பா போனபின் வீட்டுமனையைப் பங்கு வைத்தார்கள். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பேசுவதில்லை. எல்லாம் அவள் வழியாகத்தான். காதால் கேட்டிருந்தாலும், அவள் ஒருமுறை எடுத்துச் சொன்னால்தான் அது கேட்டதாகும்.

எடுத்துச் சொன்னாள்.

தம்பியும் நெட்டில் தேடினான். அவன் பார்த்த பக்கத்தில் மாலத்தீவு மேலே இருந்தது. அண்ணன் பார்த்ததில் மொரீஷியஸ். ஒருவனுடையது ஒரு வருடத்துக் கணக்கு, மற்றவனுடையது வேறு வருடம். விலைவாசியைச் சேர்த்தால் ஒரு விதம், சேர்க்காவிட்டால் இன்னொரு விதம். படித்தவர்கள் இத்தனை பேர் உட்கார்ந்து போட்ட கணக்கு, ஒரு கிழவியின் இடுப்புக்கு வழி சொல்லவில்லை.

கைப்பேசியைச் சுவரில் அடித்து உடைக்கும் ஆத்திரம் வந்தது அவளுக்கு.

உடைத்துவிட்டு யாரிடம் போவாள்? அவள் வீட்டுக்காரர் வேலை போய் உட்கார்ந்திருக்கிறார். பர்ஸில் இருப்பது ஆட்டோவுக்கும் இட்லிக்கும் சரியாகப் போகும்.

வாசலில் நர்ஸ் வந்து நின்றாள். கட்டியாச்சா என்று கையாலேயே கேட்டாள். இதோ என்று இவளும் கையாலேயே சொன்னாள்.

அண்ணன் குரல் உயர்ந்தது. "அதெல்லாம் ஓட்டல் மொதலாளிமாரு காசு. மொத்தத்தையும் கூட்டி, இருக்குற ஆளுவளுக்கு வகுத்துப் போட்டிருக்கான். எனக்கா வருது? அவன்ட்ட சொல்லு!"

அவள் வாயைத் திறப்பதற்குள் தம்பி கத்தினான்.

"எனக்கு மட்டும் வருதாக்கும்ண்ணே?"

அண்ணே.

வாய் தவறி வந்துவிட்டது. அண்ணன் அதைக் கவனிக்கக்கூட இல்லை. "வராமத்தான் அங்கன கெடக்கியாலே?" என்று நேராகத் திருப்பிக் கொடுத்தான்.

அதற்கப்புறம் இருவரும் நிறுத்தவில்லை. அவளைக் கேட்பார் இல்லை.

யாரும் ஒரு பைசா தர வேண்டாம், போனை வையுங்கள் என்று சொல்லிவிடலாம். சொன்னபின் என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, சிவப்புப் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனாள்.

கட்டிலில் அசைவு தெரிந்தது. ஊசி மயக்கத்தில் கிடந்த அம்மா கண்ணைத் திறந்திருந்தாள்.

"பெரியவனும் சின்னவனும் பேசுதானுவளா?"

அவள் தலையாட்டினாள்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. அப்படி மலர்ந்து எத்தனையோ வருடமாயிற்று.

"ஏட்டி, வச்சிராத. பேசட்டும்."

அங்கே அண்ணன் செத்துப்போன அப்பாவை வம்புக்கு இழுத்திருந்தான். தம்பி கெட்ட வார்த்தைக்கு வந்திருந்தான்.

அவள் சத்தத்தைக் குறைத்தாள். இன்னும் கொஞ்சம் குறைத்தாள். வார்த்தை ஒன்றும் பிடிபடாமல், குரல் மட்டும் கேட்கும் அளவுக்கு.

பிறகு கைப்பேசியை அம்மாவின் காதோரம், தலையணையில் வைத்தாள்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு குரலுக்கும் மாறி மாறி 'ம்' கொட்டினாள்.